எட்டு என்ற ஃபோல்டர்

பெயரைத்தான் அழிக்குமாம், ஆளை அழிக்காதாம். மசூது அப்படித்தான் சொன்னான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவன் அவன். எதைச் சொன்னாலும் பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற தோரணையில்தான் சொல்வான். "டெலிட் பண்ணிட்டா உள்ள இருக்கிறது போயிடாது மேடம். எது எங்க இருக்குன்னு அது ஒரு குறிப்பு வச்சிருக்கும்ல, அதுல இருந்து பேர மட்டும் எடுத்துரும். ஆளு அங்கனயேதான் இருப்பாரு. வேற ஆளு வந்து அந்த எடத்துல உக்கார்ற வரைக்கும் ஒண்ணும் ஆவாது." உலகம்மாளுக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் ஞாபகம் வந்தார்கள். துண்டு கிடந்தால் ஆள் இல்லாவிட்டாலும் இடம் அவருடையது. இங்கே தலைகீழ், ஆள் உட்கார்ந்திருக்கிறார், துண்டைக் காணோம், ஆகையால் இடம் காலி என்கிறது கம்ப்யூட்டர். என்ன நியாயம் இது என்று யோசித்தாள். "அப்ப அவரு இன்னும் உள்ளதான இருக்காரு தம்பி?" "இருக்கலாம்" என்றான். அந்த லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நோயாளிகளின் வீட்டுக்காரர்களிடம் அவளே ஒரு நாளைக்கு எத்தனை லாம் சொல்கிறாள், பேச்சு வரலாம், முன்னேற்றம் தெரியலாம். தன் பக்கம் திரும்பி வரும்போதுதான் அதன் கசப்பு தெரிகிறது. மசூது அவளுடைய கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு வயரால் தன் லேப்டாப்போடு கோத்து, எதையோ ஓடவிட்டான். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். "இது ஒவ்வொண்ணா தோண்டி எடுத்துப் போடும். பேரு இருக்காது, வெறும் நம்பர்தான். நீங்க கேட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. எதையும் அந்த டிஸ்க்ல சேவ் மட்டும் பண்ணிராதீங்க, நான் தொழுதுட்டு ஓடி வந்துருதேன்." கதவு அவன் பின்னால் மெத்தென்று மூடிக்கொண்டது. சத்தம் புகாத கதவு.

பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். உற்றுப் பார்த்தால் நிற்கும், கண்ணை எடுத்தால் கொஞ்சம் போயிருக்கும். மாடியில் ஆபரேஷன் தியேட்டரில் லிகோரி படுத்திருக்கிறார். காலையிலேயே கொண்டுபோய்விட்டார்கள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிற லிகோரி. சீலாவும் விளமீனும் குவித்த தரையைச் சுற்றி வியாபாரிகள் நிற்க, நடுவில் நின்று அவர் எழுப்பிய சத்தத்துக்கு ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்துவானாம். அந்தத் தொண்டையில் புற்று. குரல்வளையை அப்படியே எடுத்துவிடுவதுதான் வழி. இந்நேரம் எடுத்திருப்பார்களா? எடுத்ததை எங்கே வைப்பார்கள், எஃகுத் தட்டிலா? பேச்சுப் பயிற்சி கொடுப்பதே வேலையாக இத்தனை வருஷம் இருந்தும் ஒரு குரல்வளையை அவள் கையில் தொட்டுப் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததுதான். அது எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு நெல்லிக்காய் கனமா? இப்படி நினைக்கிறோமே என்று கூசியது; கூசினாலும் கேள்வி போகவில்லை, ஈ மாதிரி வந்து வந்து உட்கார்ந்தது. இனி அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வராது. பிற்பாடு கழுத்தில் கருவி வைத்துப் பேசப் பழக்கலாம்தான், ஆனால் அது கருவியின் சத்தம், தகர டப்பாவுக்குள் வண்டு. அதற்காகத்தான் போன வாரம் முழுக்க அவரை இந்த அறையில் உட்காரவைத்து அவர் குரலைப் பதிவு செய்தாள். தண்ணி குடு, வலிக்கி, போதும், லைட்டப் போடு, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், செபம், ஏலம். எல்லாவற்றையும் போனில் ஏற்றிக் கொடுத்தால், பட்டனை அமுக்க அமுக்க அவர் குரலே பேசும். ஆபரேஷன் முடிந்து கண் முழித்ததும் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் குரல் இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஓர் இடத்தில். அதை இன்று காலை உலகம்மாள் அழித்தாள். தெரியாமல்தான் அழித்தாள்; ஆனாலும் விரல் அவளுடையது. ஷிப்ட்டை அமுக்கிய இடது கை விரலைப் பார்த்தாள். அது ஒன்றும் அறியாததுபோல் மேஜைமேல் கிடந்தது.

எட்டுதான் காரணம். இல்லை, எட்டு இல்லாததுதான் காரணம். இந்த ஆஸ்பத்திரியில் எட்டாம் நம்பர் கட்டில் கிடையாது. முன்னே இருந்ததாம், எவனும் படுக்கமாட்டேன் என்றதால் எடுத்துவிட்டார்கள். மாதா கோயில்காரர், பள்ளிவாசல்காரர், முருகன் கோயில்காரர் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிற ஒரே விஷயம் எட்டு ஆகாது என்பதுதான். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் ஷோரூமிலேயே விட்டுவிட்டு வருகிற ஊர், கட்டிலிலா ஏறிப் படுக்கும்? ஆகவே ஏழு, ஏழு ஏ, ஒன்பது. உலகம்மாளும் அப்படியே பழகிவிட்டாள். கட்டில் நம்பர்தான் அவளுக்கு ஆளின் பெயர், ஃபோல்டரின் பெயர். லிகோரிக்குக் கிடைத்தது ஏழு ஏ. முதல் நாள் ஃபோல்டர் திறக்கும்போது அவள் "ஏழு ஏ" என்று டைப் அடிக்கப் போனாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதென்ன டாக்டரம்மா ஏழு ஏ? மீன எண்ணும்போது ஏழு, ஏழு ஏன்னா எண்ணுதோம்? ஏழுக்குப் பெறவு எட்டுதான. எட்டுன்னே போடுங்க, என்னதான் செஞ்சிரும்னு பாப்போம்." கூட வந்திருந்த அவர் மனைவி பிலோமி, "மாதாவே, இந்த மனுசன் வாயி" என்று தலையில் தட்டிக்கொண்டாள். உலகம்மாளும் சிரித்துக்கொண்டே எட்டு என்று போட்டாள். போட்டவள் மறந்தும் போனாள். மனதில் அவர் ஏழு ஏ-யாகவே இருந்தார். இன்று காலை ஒரு சின்னப் பிள்ளையைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, டிஸ்கில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியது, எதையாவது ஒழிக்கலாம் என்று வரிசையைப் பார்த்தாள். ஏழு, ஏழு ஏ, எட்டு, ஒன்பது. அந்த ஏழு ஏ போன மாதம் படுத்திருந்த வேறொருவருடையது என்று அப்போது தோன்றவில்லை. எட்டா? எட்டு என்றுதான் கட்டிலே இல்லையே. பயிற்சிக்கு வந்த காலேஜ் பெண் எவளாவது விட்டுப்போன குப்பை. ஷிப்ட்டையும் டெலிட்டையும் சேர்த்து அமுக்கினாள். அப்படித்தான் அமுக்குவாள், குப்பைத்தொட்டிக்குப் போய் அங்கேயும் இடத்தை அடைப்பானேன் என்று. கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. நிரந்தரமாக அழித்துவிடவா, உறுதிதானா என்று வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி பணிவாகக் கேட்டது. அவள் ஆமாம் என்றாள். பிள்ளையைப் பதிந்து அனுப்பிவிட்டு, லிகோரியின் குரலைப் போனில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் அழித்தது யாரை என்று தெரிந்தது. ஆமாம் என்ற கணத்துக்கு அவள் மனம் போய்ப் போய் வந்தது. இல்லை என்று ஒரு பட்டன் பக்கத்திலேயே இருந்தது. அது என்றைக்காவது அவள் கண்ணில் பட்டிருக்கிறதா? எத்தனை வருஷமாக அது அங்கே சும்மா நிற்கிறது? பிலோமிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? எட்டு வேண்டாம்னு அன்னைக்கே தலையில அடிச்சிக்கிட்டேனே என்பாள். படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று பெயர் வாங்கின உலகம்மாள், எட்டு, தான் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்துவிட்டு ஏசியின் குளிரைக் குறைத்தாள்.

லேப்டாப்பில் வந்து விழ ஆரம்பித்தது. முதலில் படங்கள். யாரோ குற்றாலத்தில் அருவிக்கு முன்னால் ஈரத் தலையோடு நின்றார்கள். முகம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும். இந்த டிஸ்க் அவள் அறைக்கு வருவதற்கு முன்னால் வேறு எங்கோ இருந்திருக்கிறது, பில் போடுகிற இடமோ, லேபோ. கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று. ஒரு ஜாதகம். யாருடைய ஜாதகம்? உத்திரட்டாதி, மீன ராசி. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் டியூட்டி நேரத்தில் ஜாதகம் ஏற்றியவள் யார் என்று உலகம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். லேப் விஜிலாவாக இருக்குமோ? அவள் கிறிஸ்தவப் பெண் ஆயிற்றே. மாடியில் ஒருவரின் குரல் போய்க்கொண்டிருக்கிறது, நீ மீன ராசிக்காரி யாரென்று தேடுகிறாய் என்று தன்னையே வைதுகொண்டாள். வைதது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனது. எத்தனை இருக்கிறது உள்ளே! அழித்ததாக எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், எல்லாம் அப்படியே அடியில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஒலிகள் வந்தன. ஹெட்போனை மாட்டினாள். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். ர வராத ஒரு பையன் லயில், லயில் என்றான். அவனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். திக்கிப் பேசுகிற ஒரு கல்யாண மாப்பிள்ளை தன் பெயரைச் சொல்லக் கல்லில் நார் உரித்தார். பக்கவாதம் வந்த ஒரு தமிழாசிரியை. வாத்தியாரம்மாவுக்கு வந்ததெல்லாம் வாங்க என்கிற ஒரே சொல்தான். சாப்பிட்டீங்களா என்றால் வாங்க. வீடு எங்கே என்றால் வாங்க. அந்த ஒரு சொல்லைக் கோபமாகவும் வருத்தமாகவும் கேலியாகவும் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு தரம் அவர் அழுதார், அதுவும் வாங்கதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உலகம்மாள் துஷ்டிக்குப் போயிருந்தாள். காதுக்குள் இப்போது அவர் வாங்க என்றதும் ஹெட்போனைக் கழற்றப் போனாள். பயம்தான், ஆனால் இன்னொரு தரம் கேட்டாள். இந்த ஃபைலையும் அவள்தானே ஒரு நாள் இடம் வேண்டும் என்று அழித்தது? அப்போது ஒன்றும் தோன்றவில்லையே.

நடுநடுவே அவளுடைய குரலும் வந்தது. சொல்லுங்க, இன்னொரு தடவ, பரவாயில்ல, மெதுவா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. யாரோ ஒரு நல்ல பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அது தான்தான் என்று தெரிந்து திகைத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிந்தது. இவ்வளவு பொறுமையாகவா பேசினோம்? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல என்று கடைசியாக யாரிடம் சொன்னோம்? இப்போதெல்லாம் சொல்லுங்க, சொல்லுங்க, ம், அடுத்து என்றுதான் வருகிறது. வீட்டில் கணவரிடமும் அதே ம், அடுத்து. குரல் நம்மிடம் சொல்லிக்கொள்ளாமல் மாறுகிறது, மாறின பிறகு பழையது எங்கே போகிறது? இறந்துபோன அப்பாவின் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இது அவள் அவ்வப்போது செய்கிற காரியம், நாக்கு பல்லிடுக்கைத் தேடிப் போவதுபோல. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அப்பா யாரது என்பார். சொல் வருகிறது, குரல் வரவில்லை. யாரது என்பதை உலகம்மாளின் மனசே சொல்கிறது, அவள் குரலிலேயே, கொஞ்சம் தடித்து, நாடகத்தில் ஆண் வேஷம் கட்டின பெண்பிள்ளை மாதிரி. இருமல் மட்டும் அச்சு அசலாக வருகிறது. இருமலை எதற்கு மனசு பத்திரப்படுத்தியது? அதைக் கேட்டால்தான் வீட்டில் எல்லாரும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள், அதனாலா? பயந்ததைத்தான் மனசு வைத்துக்கொள்ளுமா? அப்படியானால் பிலோமியின் மனசில் லிகோரியின் எது மிஞ்சும்? போன வாரம் பிலோமி இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்: "ஒரு நா, ஒரே ஒரு நா இந்த மனுசன் சத்தம் இல்லாம வீடு எப்பிடி இருக்கும்னு ஏங்கியிருக்கேன் டாக்டரம்மா. இப்பம் நெசமாவே வரப்போகுது. ராத்திரில ஒறக்கமே வரல." உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் எங்கேயும் போகாது, நான் பத்திரமா வச்சிருக்கேன் என்று சொன்னாள். அவளேதான் சொன்னாள்.

சீலா சீலா சீலா என்று காது அதிர்ந்தது. அவர்தான்! உலகம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஏலம். பதிவுக்காக விட்ட ஏலம்தான் என்றாலும் லிகோரி அன்று இந்த அறையில் எழுந்து நின்று, மேஜையைச் சுற்றி வியாபாரிகள் நிற்பதாக வைத்துக்கொண்டு கையை நீட்டி நீட்டிக் கூவினார். கேளு கேளு, மேல கேளு, கண்ணப் பாத்துக் கேளு, செதில் காயல, உயிரு போவல, ஏ கருப்புச் சட்டக்காரரே, தலைய ஆட்டுனா போதாது வாயத் தொறக்கணும். ஏற்கெனவே கட்டிப்போன தொண்டைதான், மணலில் படகை இழுக்கிற மாதிரி கரகரத்தது. ஆனாலும் என்ன தாளம். உலகம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இருக்கிறார், இருக்கிறார், எழுந்து போகவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் இழுத்தார், மூணு என்று வர வேண்டிய இடத்தில் ஒரு மழலைக் குரல் தாத்தா என்றது. தாத்தா, தாத்தா என்று மறுபடியும் சொல்லிவிட்டுக் குழந்தை சிரித்தது. அதற்குப் பிறகு லிகோரி வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. காலையில் வந்த பிள்ளை. க வராது, காக்கா சொல்லச் சொன்னால் தாத்தா என்று சொல்கிற பிள்ளை. அவர் இடத்தைக் காலி என்று காட்டியதும் அவள் பதிந்த குழந்தை போய் அங்கே உட்கார்ந்துவிட்டது. மசூது சொன்னது இதைத்தான். குழந்தையின் மேல் கோபம் வருமா என்று மனசைத் தொட்டுப் பார்த்தாள், வரவில்லை. அடுத்தடுத்துத் திறந்தாள். தண்ணி குடு வந்தது. வலிக்கி வந்தது. போதும் பாதியில் நின்று தாத்தா ஆனது. பேரப்பிள்ளைகளில் ஒருத்தி பெயர் தப்பியது, மற்றவை இல்லை. செபம் கிடைக்கவே இல்லை.

இன்னொன்று இருந்தது. கடைசி நாள் அவர், "டாக்டரம்மா, பட்டன அமுக்கிட்டுக் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். அவள் வெளியே நின்றாள். கதவின் கண்ணாடி வழியாக அவர் முதுகும், அவ்வப்போது எழுந்து இறங்குகிற ஒரு கையும் தெரிந்தன, சத்தம் வரவில்லை. முடிந்து வெளியே வந்தவரிடம் மரியாதை கெட்டு, "என்ன பேசுனீங்க?" என்று கேட்டேவிட்டாள். "வீட்டுக்கு உள்ளது" என்றார். அன்றிலிருந்து அது அவளைக் குடைந்தது. சொத்து விவரமா? சின்ன வயசுக் காதலா? மனைவியிடம் மன்னிப்பா? ஏதாவது பாட்டா? கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு தரம் மவுஸ்வரை கை போனது, இரண்டு தரமும் திரும்பி வந்தது. இப்போது பட்டியலில் நீளமாக ஒரு ஃபைல் வந்து விழுந்திருக்கிறது. நீளத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அதுதான். அவருடையதுதானா என்று கேட்டால்தானே தெரியும்? வேலைக்காகத்தான் கேட்கிறேன், எனக்கு வேறென்ன என்று சொல்லிக்கொண்டே திறந்தாள்; பொட்டலம் சுற்றி வந்த தாளைக்கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் எறிகிறவள் அவள், அவளுக்கு வேறென்னவாம். "ஏளா, பின்வாசக் கதவச் சாத்துனியா?" என்றார் லிகோரி. அவ்வளவுதான், அப்புறம் ஒன்றும் இல்லை. திரையில் சத்தத்தைக் காட்டுகிற அலை படுத்துவிட்டது. மவுஸால் முன்னே தள்ளினாள். "அப்பமேன்னா? பூன உள்ள கெடக்கா, வெளிய கெடக்கா?" மறுபடி படுத்த கோடு. தள்ளினாள். "ஆமா, கெடக்கு." தள்ளினாள். "நா கொண்டாறது இருக்கட்டும்." என்ன கொண்டுவருவது, எங்கே கெடக்கு? ஒன்றுக்கும் ஒன்றுக்கும் ஒட்டவே இல்லை. இன்னொரு இடத்தில் எரிச்சலாக, "ஒண்ணும் வேண்டாம்னு சொல்லாத, எப்பம் பாத்தாலும்" என்றார். கரையான்போல எதுவோ சன்னமாக அரித்துவிட்டது, சொல்லுக்குச் சொல் நடுவில் ஓட்டை. அவளை வெளியே நிற்கச் சொல்லி, கையை அசைத்து அசைத்து அவர் பேசின அத்தனையும் போய், மிஞ்சினது பூனையும் கதவும். கதவைத் தள்ளிக்கொண்டு தொப்பியோடே மசூது வந்தான். குனிந்து திரையைப் பார்த்தான். "அங்கங்க பிளாங்கா இருக்கு, பேட் செக்டரா இருக்கும் மேடம், டிஸ்க்ல அந்த எடமே கெட்டுப்போயிருக்கும். இதுக்கு மேல எடுக்க முடியாது." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் அதைப் பார்க்காததுபோல் வயரைச் சரிசெய்தான்.

அப்போதுதான் பிலோமி வந்தாள். கையில் செபமாலை, சேலைத் தலைப்பு முழுக்கக் கசங்கியிருந்தது. "முடிஞ்சிட்டு டாக்டரம்மா. நல்லபடியா முடிஞ்சிட்டுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. உள்ள வச்சிருக்காவ, கண்ணாடி வழியாப் பாத்தேன். கழுத்துல ஓட்ட போட்டிருக்கு. மூச்சு அது வழியாத்தான் போயி வருது." சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அவுரு கண்ணு முழிக்கப் போறாரு, அந்தப் போனுல ஏத்துறது ஏத்தியாச்சா?" என்றாள். உலகம்மாள் சொல்வதற்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தாள், டிஸ்க் என்றும் ஸ்பேஸ் என்றும் வருகிற வாக்கியங்கள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "அக்கா, நான் அழிச்சிட்டேன்" என்றாள். "தெரியாம அழிச்சிட்டேன். கொஞ்சம் கெடச்சிருக்கு. முக்காவாசி போயிருச்சு. ஆனா அவரு தனியா பேசி வச்சது உடைஞ்சி உடைஞ்சிதான் இருக்கு. என்னய மன்னிச்சிருங்க." பிலோமி எட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வையவும் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லையோ, அல்லது இன்னும் உள்ளே இறங்கவில்லையோ. "உடைஞ்சா என்ன, போடுங்க. கேப்போம்" என்றாள். உலகம்மாள் ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை தள்ளவில்லை, தள்ளக் கை வரவில்லை.

"ஏளா, பின்வாசக் கதவச் சாத்துனியா?" என்று லிகோரி அறை முழுக்கக் கேட்டார். பிலோமி நின்ற இடத்திலேயே, யோசிக்காமல், "அப்பமே சாத்தியாச்சு" என்றாள். "அப்பமேன்னா? பூன உள்ள கெடக்கா, வெளிய கெடக்கா?" "எனக்கென்ன தெரியும்? ஒங்க காலுக்கடியிலதான் கெடக்கும், குனிஞ்சி பாருங்க." கொஞ்சம் நேரம் ஆனது, ஒரு ஆள் குனிந்து பார்த்து நிமிர்கிற நேரம். பதிவுக்குள் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது, அலை படுத்ததுபோல் தெரிந்த இடத்தில்தான். "ஆமா, கெடக்கு" என்றார் அவர். உலகம்மாள் மசூதைப் பார்த்தாள். அவன் வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒன்றும் அழியவில்லை, ஓட்டையும் இல்லை. பிலோமிக்குப் பேச இடம் விட்டு விட்டுத்தான் மனுசன் பேசியிருக்கிறார். "நாளைக்கு என்ன கொழம்பு?" என்றார். "நீங்க கொண்டாறத வச்சித்தான சட்டியில போடணும்." "நா கொண்டாறது இருக்கட்டும். ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு." இதை வீட்டில் அவர் என்றைக்காவது கேட்டிருப்பாரோ மாட்டாரோ, உலகம்மாளுக்குத் தெரியாது. நீளமான இடைவெளியாக விட்டிருந்தார். செபமாலை பிலோமியின் விரலில் இறுகியது. "எனக்கு என்ன வேணும்" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்." அவள் முடித்ததுமே அவர் சொன்னார், "ஒண்ணும் வேண்டாம்னு சொல்லாத, எப்பம் பாத்தாலும்." பிலோமி சிரித்தாள், சிரிப்போடு கண்ணீர் கொட்டியது. அவர் தொண்டையைச் செருமினார். "சரி, நேரமாச்சி. வெளக்க அமத்து." "அமத்துதேன்" என்றாள் பிலோமி, அவள் கை சுவரில் ஸ்விட்ச்சைத் தேடிப் போனது.